கலாம் சரி, தவான் எங்கே?

போன வாரம் இரண்டு நாள் ஆபீசில் ஒரு ஆணியும் பிடுங்கவில்லை. பொறாமைப்படாதீர்கள் மக்களே, லீவு கிடைக்கவில்லை. பூனாவில் ஒரு நட்சத்திர ஹோட்டலில், ஏசியைக் கூட்டி வைத்து, எங்களைத் 'தலைவர்'களாக்கும் வேலை நடந்தது. எங்களை என்றால், மேலேயும் ஒட்டாமல் கீழேயும் இறங்க முடியாமல் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும் இருபத்து நாலு மேனேஜர்களை. மத்தியானம் சாம்பார் என்று ஒன்று வைத்திருந்தார்கள். வெல்லம் போட்டது. பதினாறு வருஷமாக இந்த ஊரில் குப்பை கொட்டியும் அந்தச் சாம்பாரை மட்டும் இன்னும் மன்னிக்க முடியவில்லை. அதை விடுங்கள், விஷயம் வேறு.

இரண்டாம் நாள் காலையில் திரையில் கலாம் படம் வந்தது. வெள்ளிமுடி, சிரிப்பு, பின்னால் ஒரு ராக்கெட். தலைப்பு, 'குடியரசுத் தலைவரின் ஆரம்ப நாட்களிலிருந்து நிர்வாகிகளுக்குப் பாடங்கள்'. டெல்லியிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் நேராக என்னைப் பார்த்தார். "நீங்கள் தமிழ்தானே? ராமேஸ்வரம் பக்கமா?" என்றார். கோவில்பட்டி என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியப் போவதில்லை, "பக்கம்தான்" என்று சொல்லி வைத்தேன். மொத்த அறையும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஏதோ அந்த ராக்கெட்டுக்கு நான்தான் திரி கொளுத்தினமாதிரி ஒரு பெருமை, பொய் சொல்லக்கூடாது, எனக்கும் வந்தது. வடக்கே வந்து உட்கார்ந்திருக்கும் நமக்கெல்லாம் கலாம் ஒரு பாஸ்போர்ட் மாதிரி. வீட்டுக்காரரிடம், ஸ்கூல் பிரின்சிபாலிடம், ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம், எங்கேயும் செல்லும்.

அந்தப் பெருமை ஒரு இருபது நிமிஷம் இருந்தது. அதற்குப் பிறகு எரிச்சல் வந்தது. எரிச்சல் கலாம் மேல் இல்லை. அவரை வைத்து எங்களுக்குச் சொன்ன பாடத்தின் மேல்.

முதல் கதை, பேராசிரியர் சீனிவாசன் கதை. 'அக்கினிச் சிறகுகள்' படித்தவர்களுக்குத் தெரியும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் கலாம் விமானப் பொறியியல் படித்தபோது, தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் வேலை. வேலை பின்தங்கியிருக்கிறது. பேராசிரியர் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறார். கலாம் ஒரு மாசம் கேட்கிறார். அவர் கொடுத்தது மூன்று நாள். வெள்ளிக்கிழமை பேச்சு, திங்கட்கிழமை காலையில் வரைபடம் வரவில்லையென்றால் உதவித்தொகை நின்றுவிடும். அந்தப் படிப்புக்குப் பணம் கட்ட அக்கா சோஹ்ரா நகையை அடகு வைத்தவர். உதவித்தொகை போனால் படிப்பே போச்சு. ராத்திரி பகலாக உட்கார்ந்து முடிக்கிறார்.

"பார்த்தீர்களா, கெடு கொடுத்தால் மனிதனுக்குள் இருப்பது வெளியே வரும்" என்றார் பயிற்சியாளர். இருபத்து நாலு பேரும் குறிப்பெடுத்தார்கள். அந்தக் குறிப்பு திங்கட்கிழமை அவரவர் டீமின் தலையில் எப்படி இறங்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அவர் விட்டுவிட்ட பாதி ஒன்று இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் டென்னிஸ் ஆடிவிட்டு, அதே உடையோடு, பையன் என்ன செய்கிறான் என்று பார்க்க நேரில் வந்து நிற்கிறார். வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கட்டியணைக்கிறார். வேண்டுமென்றேதான் நெருக்கினேன் என்று தானே சொல்லிவிடுகிறார். அது ஒரு கல்லூரி, ஒரு வாத்தியார், ஒரு மாணவன், வாழ்க்கையில் ஒரு தரம் நடந்த சோதனை. நம் டேமேஜர்கள் வாரா வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு அந்தச் சோதனையை வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதில்லை, 'எதுவரைக்கும் வந்திருக்கிறது?' என்று ஒரு மெசேஜ் மட்டும் வரும். கட்டியணைப்பது பற்றிப் பேச வேண்டாம், மனிதவளத் துறை ஆட்சேபிக்கும்.

இரண்டாவது கதை நம் எல்லோருக்கும் மின்னஞ்சலில் வந்ததுதான். முன்பு மின்னஞ்சலில் வந்தது, இப்போது வாட்ஸப்பில் வருகிறது, கதை மாறவில்லை. தும்பாவில் ஒரு விஞ்ஞானி, குழந்தைகளைப் பொருட்காட்சிக்குக் கூட்டிப் போக வேண்டுமென்று அஞ்சரை மணிக்குக் கிளம்ப அனுமதி கேட்கிறார். பாஸ் சரி என்கிறார். வேலையில் மூழ்கி மணி எட்டரை ஆகிவிடுகிறது. பதறிக்கொண்டு வீட்டுக்குப் போனால் குழந்தைகள் இல்லை, பாஸே வந்து கூட்டிப்போய்விட்டார் என்கிறாள் மனைவி. அந்த பாஸ்தான் கலாம் என்று கடைசி வரியில் ஒரு சஸ்பென்ஸ்.

இந்தக் கதை 'அக்கினிச் சிறகுகள்' புத்தகத்தில் இல்லை. சரி, நடந்ததென்றே வைத்துக்கொள்வோம். இதில் நிர்வாகப் பாடம் என்ன? வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பவனை எழுப்பாமல், அவன் பிள்ளைகளை யாராவது பார்த்துக்கொண்டால் போதும் என்பதா? தங்கமணியிடம் ராத்திரி இதைச் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி. "அஞ்சரைக்கு அந்த பாஸ் அவர் தோளைத் தட்டி, 'ஏம்ப்பா, மணியாச்சு, கிளம்பு'ன்னு சொல்லியிருக்கலாமே?" இருபத்து நாலு மேனேஜர்களில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை, எனக்கும் சேர்த்துத்தான். ஹிஞ்சவாடியிலிருந்து வாகட் பாலம் தாண்டி வீடு வந்து சேரும்போது பிள்ளைகள் தூங்கிப்போயிருக்கும் அப்பாக்கள், அம்மாக்கள் எத்தனை பேர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கலாம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருவனந்தபுரத்தில் லாட்ஜ் அறையில் வாழ்ந்த மனிதர். அது அவர் தேர்ந்தெடுத்தது. அதை எடுத்து, ரெண்டு பிள்ளையும் வீட்டுக் கடனும் உள்ளவன் முன்னால் அளவுகோலாக நீட்டுவது என்ன நியாயம்?

இதெல்லாம் சில்லறை. என் உண்மையான சண்டை மூன்றாவது கதையோடு.

ஆகஸ்ட் 10, 1979. ஸ்ரீஹரிகோட்டா. எஸ்.எல்.வி-3 முதல் ஏவல். நான்கு அடுக்கு, 17 டன், இந்தியா தானே கட்டிய முதல் செயற்கைக்கோள் ஏவு வாகனம். திட்ட இயக்குநர் கலாம். முதல் அடுக்கு ஒழுங்காக எரிந்தது. இரண்டாம் அடுக்கு கட்டுப்பாடு இழந்தது. 317 விநாடியில் எல்லாம் முடிந்து, கரையிலிருந்து 560 கிலோமீட்டர் தள்ளி வங்கக் கடலில் விழுந்தது. பல வருஷ உழைப்பு.

காரணமும் கண்டுபிடித்தார்கள். இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு, உள்ளே சேர்ந்த மாசினால் மூடாமல் சிக்கிக்கொண்டது. அதன் வழியாக நைட்ரிக் அமிலம் கசிந்துபோனது. தேவைப்பட்ட நேரத்தில் அமிலம் இல்லை.

இதில் பயிற்சியாளர்கள் யாரும் நின்று பேசாத ஒரு இடம் உண்டு. ஏவுவதற்குச் சற்று முன்னால் கணினி எச்சரித்தது, எண்ணிக்கையை நிறுத்தியது. கூட இருந்த நிபுணர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, இருக்கிறது போதும், பயமில்லை என்றார்கள். கலாம் கணினியைத் தாண்டி ஏவச் சொன்னார். இதை வேறு யாரும் கிளப்பிவிட்டதில்லை, குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து இறங்கிய பிறகு கலாமே வெளிப்படையாகச் சொன்னது. அதாவது அது வானத்திலிருந்து விழுந்த துரதிர்ஷ்டம் இல்லை. ஒரு ஆள் எடுத்த முடிவு. அந்த ஆளின் பெயர் எல்லோருக்கும் தெரியும். 'யார் தவறு?' என்று கேட்டால் பதில் ஒரு வார்த்தையில் தயாராக இருந்தது.

அன்றைக்குப் பத்திரிகையாளர் கூட்டம். இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் கலாமைக் கூட அழைத்துக்கொண்டு போகிறார். பேசியது அவர். தோற்றுவிட்டோம், என் தொழில்நுட்ப ஆட்களுக்கு இன்னும் துணை வேண்டும், அடுத்த வருஷத்துக்குள் ஜெயிப்பார்கள் என்ற பொருளில் சொன்னார். அடி முழுவதையும் தன் முதுகில் வாங்கிக்கொண்டார். ஜூலை 18, 1980 அன்று அதே எஸ்.எல்.வி-3, 35 கிலோ ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. அன்றும் பத்திரிகையாளர் கூட்டம். தவான் கலாமைக் கூப்பிட்டு, இன்றைக்கு நீங்கள் பேசுங்கள் என்று அனுப்பினார். தோல்வி வந்தால் தலைவர் வாங்கிக்கொள்வார், வெற்றி வந்தால் குழுவுக்குக் கொடுத்துவிடுவார், இதைவிடப் பெரிய நிர்வாகப் பாடம் தனக்குக் கிடைத்ததில்லை என்று கலாம் எத்தனையோ மேடைகளில் சொன்னார்.

இப்போது எங்கள் பயிற்சியாளர் இதிலிருந்து எடுத்த பாடம் என்ன தெரியுமா? திரையில் பெரிதாக வந்தது: 'தோல்விக்குப் பொறுப்பேற்கக் கற்றுக்கொள்ளுங்கள்.' அதற்குக் கீழே, 'விடாமுயற்சி'.

ஐயா, பொறுப்பேற்றது யார்? தவான். அவர் வயது அப்போது ஐம்பத்தெட்டு, அமைப்பின் உச்சியில் இருந்தவர். அந்தப் பாடம் யாருக்குப் போக வேண்டும்? எங்கள் கம்பெனியில் வைஸ் பிரசிடென்ட் என்ற விசிட்டிங் கார்டு வைத்திருப்பவர்கள் முப்பது பேருக்கு மேல். (பிரசிடென்ட் என்று ஒருத்தரும் கிடையாது, அது தனி மர்மம்.) அவர்களில் ஒருத்தர்கூட அந்த அறையில் இல்லை. காலையில் ஒருவர் வந்து குத்துவிளக்கேற்றிவிட்டுப் போனார், அவ்வளவுதான். தவானுக்கான பாடத்தைக் கலாம்களுக்கு நடத்துகிறார்கள். கதையில் மேலே இருந்தவர் செய்ததை எடுத்து, கீழே இருப்பவன் கடமையாக மாற்றி ஸ்லைடு போட்டாகிவிட்டது.

தவான் அன்றைக்குச் செய்தது என்ன விலையுள்ள காரியம் என்பதையும் யோசிக்க வேண்டும். 1979 ஜூலையில் மொரார்ஜி தேசாய் ராஜினாமா செய்தார். ஜூலை 28-ல் சரண் சிங் பிரதமர். ராக்கெட் கடலில் விழுந்தபோது அந்த ஆட்சிக்கு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இன்னும் பத்தே நாளில், ஆகஸ்ட் 20-ல், அவரும் ராஜினாமா செய்தார். விண்வெளித் துறை பிரதமரின் கையில் இருக்கும் துறை. போய் நிற்பதற்கு ஒரு நிலையான ஆள் டெல்லியில் இல்லை. சோற்றுக்கு வழியில்லாத நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர் இருந்த காலம். அப்படிப்பட்ட நாளில், 'திட்ட இயக்குநர் எச்சரிக்கையை மீறிவிட்டார், விசாரிக்கிறோம்' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் தவான் பத்திரமாக வீட்டுக்குப் போயிருக்கலாம். அது பொய்யாகவும் இருந்திருக்காது.

வெளியே அப்படி. உள்ளே என்ன நடந்தது என்பது இன்னும் சுவாரசியம். வெளியே காப்பாற்றினார்கள் என்பதற்காக உள்ளே மூடி மறைக்கவில்லை. மறுநாளே எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் உட்கார்ந்து அலசினார்கள். வால்வு வரைக்கும் போய்க் காரணத்தைப் பிடித்தார்கள். அந்தக் கூட்டத்தில் கலாம் தானே எழுந்து நின்று பொறுப்பு என்னுடையது என்றார். ஆமாம், அவரும் பொறுப்பேற்றார்தான். ஆனால் எந்த இடத்தில்? தலையைச் சீவ மாட்டார்கள் என்று தெரிந்த இடத்தில். உண்மையைச் சொன்னால் அடுத்த ராக்கெட்டுக்கு உதவும், தன் சோற்றுக்கு உலை வைக்காது என்ற நம்பிக்கை இருந்தால் மனிதன் தானாக எழுந்து நிற்பான். அந்த நம்பிக்கையைக் கொடுக்காமல் 'பொறுப்பேற்கும் பண்பாடு' என்று சுவரில் போஸ்டர் ஒட்டினால், எல்லோரும் மின்னஞ்சலில் பத்துப் பேரைச் சிசியில் போட்டு ஆதாரம் சேர்ப்பார்கள். நம் ஆபீஸ்களில் நடப்பது அதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று. அந்தத் தோல்வி நாளில் தூக்கமில்லாமல் ஓய்ந்துபோன கலாம், அறைக்குப் போய் அப்படியே படுத்துவிடுகிறார். விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநர் பிரம்ம பிரகாஷ், அவருடைய நேரடி மேலதிகாரி, வருகிறார். தூங்கவிட்டு, பிறகு எழுப்பி, வா சாப்பிடப் போகலாம் என்று கூட்டிப் போகிறார். சாப்பிடும்போது ராக்கெட் பேச்சை எடுக்கவில்லை. இந்த மனிதர் பெயர் அந்த இரண்டு நாளில் ஒரு ஸ்லைடிலும் வரவில்லை.

அப்புறம் பதினோரு மாசம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆகஸ்ட் 1979-லிருந்து ஜூலை 1980. அதே திட்ட இயக்குநர். அந்த வால்வு ஏன் சிக்கியது என்று நெஞ்சில் சூடு போட்டமாதிரி தெரிந்துகொண்டவர்கள்தான் அடுத்த ராக்கெட்டையும் கட்டினார்கள். 1981 குடியரசு தினத்தில் கலாமுக்கு பத்மபூஷண். அதே வருஷம் மே 31-ல் மூன்றாவது ஏவல், செயற்கைக்கோள் எதிர்பார்த்த உயரத்துக்குப் போகாமல் ஒன்பதே நாளில் திரும்பி விழுந்து எரிந்துபோனது. இந்த மூன்றாவதை எந்தப் பயிற்சியாளரும் சொல்வதில்லை, தோல்வி, வெற்றி, சுபம் என்று கதை அழகாக முடிந்த பிறகு இது எதற்கு என்று விட்டுவிடுவார்கள். நான்காவது, 1983 ஏப்ரலில், ஒழுங்காகப் போனது. அதற்குப் பிறகு வந்த ஏ.எஸ்.எல்.வி. 1987-லும் விழுந்தது, 1988-லும் விழுந்தது, 1992-ல்தான் எழுந்தது. இன்று நாம் மார்தட்டிக்கொள்ளும் பி.எஸ்.எல்.வி.யின் முதல் ஏவல் 1993-ல் தோல்வி. இஸ்ரோவில் ஜெயித்தவர்கள் எல்லாம் தோற்கவிடப்பட்டவர்கள்.

கலாமின் ஆரம்ப காலத்திலேயே இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பெங்களூரில் பாதுகாப்புத் துறை வேலையில் இருந்தபோது ஒரு சின்னக் குழுவோடு 'நந்தி' என்று ஹோவர்கிராஃப்ட் ஒன்று கட்டினார். நன்றாகவே ஓடியது. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் வந்து, மற்றவர்கள் தடுத்தும் கேட்காமல், கலாமே ஓட்ட அதில் ஏறிப் போனார். 1962 சீன யுத்தத்தோடு மேனன் பதவி போனது. நந்தியைக் கேட்க நாதியில்லை. மூலையில் போட்டார்கள். அதே கலாம், அதே உழைப்பு, அதே விடாமுயற்சி. மேலே ஆள் இல்லை, திட்டம் செத்தது. விடாமுயற்சி மட்டும் போதுமென்றால் நந்தி இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, இவ்வளவு பேசுகிறாயே, நீ என்ன கிழித்தாய் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும்.

நாலு வருஷம் முன்னால், ஒரு வங்கிக்கான மென்பொருள். என் டீமில் விதர்பா பக்கத்துச் சின்ன ஊர்ப் பையன் ஒருவன், அதிகம் பேச மாட்டான், வேலை தெரிந்தவன். சனிக்கிழமை ராத்திரி புதுப் பதிப்பை ஏற்ற வேண்டும். வியாழக்கிழமை அவன் எனக்கு எழுதினான், "பையா, நெரிசல் நேரத்தை வைத்துச் சோதித்துப் பார்க்கவில்லை, ஒரு வாரம் தள்ளலாம்" என்று. வாடிக்கையாளருக்குத் தேதி கொடுத்தாகிவிட்டது. "பார்த்துக்கலாம், ஏத்து" என்று நான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே பரிவர்த்தனைக்கு இரண்டு தரம் பணம் கழிந்ததாக ஆயிரக்கணக்கான பேருக்குக் குறுஞ்செய்தி போனது. பணம் உண்மையில் போகவில்லை, ஆனால் அதைக் காலை பத்து மணிக்கு யாரிடம் விளக்குவது? மத்தியானத்துக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பினோம்.

திங்கட்கிழமை கான்ஃபரன்ஸ் கால். பதினாலு பேர். மேலதிகாரி கேட்டார், "யார் ஏற்றியது?"

அவர் கேட்டது 'யார் ஏற்றச் சொன்னது' என்றில்லை. அந்த இடைவெளியில் நான் நுழைந்துகொண்டேன். பெயரைச் சொன்னேன். சொன்னது பொய்யில்லை, விரலால் பட்டனைத் தட்டியது அவன்தான். அவன் அந்தக் காலில் இருந்தான், மைக்கை மியூட்டில் வைத்திருந்தான். அதை எடுக்கவே இல்லை. அந்த வருஷம் அவனுக்கு ரேட்டிங் கீழே போனது. அடுத்த காலாண்டில் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அதற்கடுத்த மாசம் போய்விட்டான். என் ரேட்டிங் அப்படியே இருந்தது. எங்கள் கம்பெனி அதைத் 'திறமையான நெருக்கடி மேலாண்மை' என்று எழுதிக் கொடுத்தது.

இதில் கூத்து என்னவென்றால், எட்டு மாசம் கழித்து அதே கோளாறு இன்னொரு இடத்தில் வந்தது. அதை உள்ளும் புறமும் தெரிந்தவன் ஒருவன்தான், அவனை நாங்களே வெளியே அனுப்பியிருந்தோம். புதிதாக வந்த மூன்று பேர் மூன்று வாரம் தேடினார்கள். வால்வைத் தெரிந்தவனைத் துரத்திவிட்டு வால்வைத் தேடிய கதை.

அதனால்தான் அந்த ஹோட்டலில் கணினி எச்சரிக்கையைக் கலாம் தாண்டிய கதை மனசுக்குள் ஓடியபோது எனக்கு வியர்த்தது. எச்சரிக்கையைத் தாண்டச் சொன்னதில் மட்டும் நானும் கலாமும் ஒன்று. அவர் எழுந்து நின்றார். நான் நிற்கவில்லை. எனக்கு மேலே தவான் இல்லை என்பது உண்மை, ஆனால் அந்தப் பையனுக்கு மேலே நான் இருந்தேனே. அவனுக்குத் தவான் நான்தான். இந்தக் கணக்கு எனக்கு நாலு வருஷம் கழித்து, வெல்லச் சாம்பார் சாப்பிட்ட பிறகு உறைக்கிறது.

டீ இடைவேளையில் பயிற்சியாளரிடம் கொஞ்சம் வாதாடினேன். அவர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே சொன்னார், "இஸ்ரோ அரசாங்கம் சார். வேலை போகாது. பங்குதாரர் கிடையாது. காலாண்டு முடிவு கிடையாது. கம்பெனியில் அப்படி முடியுமா?"

இந்த வாதம் எப்போதும் வரும், அதனால் இதற்கும் சொல்லிவிடுகிறேன். முதலில், கம்பெனிக்கு ஒத்துவராத கதையென்றால் அதை ஏன் கம்பெனிக்காரனுக்குக் கட்டணம் வாங்கி நடத்துகிறீர்கள்? உழைப்புக்கு மட்டும் இஸ்ரோ உதாரணம், பாதுகாப்புக்கு வந்தால் 'அது அரசாங்கம்' என்றால் எப்படி? இரண்டாவது, தவானுக்குப் பங்குதாரர் இல்லையா? வரி கட்டுகிற மொத்த நாடும் பங்குதாரர். நாடாளுமன்றத்தில் கேள்வி வரும், அடுத்த நாள் பத்திரிகையில் கார்ட்டூன் வரும். நம் ஆட்களுக்கு அதிகபட்சம் பதினாலு பேர் இருக்கும் ஒரு கால். மூன்றாவதாக, வேலை போகாது என்பதுதான் அவர்கள் உண்மை பேசக் காரணம் என்றால், அந்த வசதியில் கொஞ்சத்தைக் கம்பெனியில் கொடுத்துப் பார்க்க ஒரு பைசா செலவில்லை. 'தவறு நடந்தால் முதல் கேள்வி யார் என்று இருக்காது' என்று மேலே இருப்பவர் ஒரு மெயில் போடலாம். பத்து வரிகூட வேண்டாம். பயிற்சியாளர் தலையாட்டினார். "நல்ல பாயின்ட்" என்றார். டீ முடிந்து உள்ளே போனதும் 'விடாமுயற்சி' ஸ்லைடிலிருந்து தொடர்ந்தார்.

நம் வீடுகளைப் பற்றியும் ஒன்று கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே தமிழர்கள் கூடும் விழாக்களில் மாறுவேடப் போட்டி என்றால் வெள்ளை விக் வைத்த குட்டிக் கலாம் மூன்று பேராவது வருவார்கள். என் பிள்ளையும் ஒரு வருஷம் வந்தான், கனவு காணுங்கள் என்று சொல்லிவிட்டு விக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினான். எந்த வருஷமும் ஒரு குட்டித் தவான் வந்து பார்த்ததில்லை. பிள்ளைகள் கலாமாக வேண்டும் என்று ஆசைப்படுகிறோம், சரிதான். ஆனால் நம்மில் பாதிப் பேருக்கு இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. நமக்குக் கீழே நாலு பேர், பத்துப் பேர், சிலருக்கு நூறு பேர் வேலை செய்கிறார்கள். கலாம் ஆகும் வயது நமக்குப் போய்விட்டது. இன்னும் நாமே அடிவாங்குகிற கட்சி என்று நினைத்துக்கொண்டு டேமேஜர் ஜோக் பகிர்ந்துகொண்டிருக்கிறோம். யாரோ ஒரு பையன் அதே ஜோக்கில் நம்மைப் போட்டுப் பகிர்ந்துகொண்டிருப்பான்.

தவான் 2002 ஜனவரி 3-ல் இறந்துபோனார். கலாம் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றது அதே வருஷம் ஜூலை 25. ஆறரை மாசம் இருந்திருந்தால் பார்த்திருப்பார். ஸ்ரீஹரிகோட்டாவுக்கு இன்று அவர் பெயர்தான், ஏவல் நேரலையில் அந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். கலாம் 2015 ஜூலை 27-ல் ஷில்லாங்கில் சரிந்து விழுந்தது ஒரு ஐ.ஐ.எம். மேடையில், நிர்வாகம் படிக்கும் பிள்ளைகள் முன்னால்.

அந்தப் பையனின் நம்பர் என்னிடம் இருந்தது. சனிக்கிழமை காலையில் கூப்பிட்டேன். இப்போது நாக்பூரில் ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறான், கல்யாணம் ஆகிவிட்டதாம். நான் என்னென்னவோ தயாரித்து வைத்திருந்தேன், பாதிதான் வந்தது. "அன்றைக்கு ஏற்றச் சொன்னது நான்தான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "எனக்குத் தெரியும் பையா, அந்த மெயில் இன்னும் என்னிடம் இருக்கிறது" என்றான். அப்புறம் மழையைப் பற்றிப் பேசினோம்.

திங்கட்கிழமை பயிற்சிக்கான கருத்துப் படிவம் வந்தது. ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும், கடைசியில் ஒரு பெட்டி, 'வேறு ஏதேனும்?' என்று. நான் எழுதினேன்: "வகுப்பு நன்றாக இருந்தது. இதையே வைஸ் பிரசிடென்ட்களுக்கு எப்போது நடத்துகிறீர்கள்? நாலு வருஷம் முன்னால் வங்கித் திட்டத்தில் நடந்த தவறுக்கு முடிவெடுத்தது நான், ஏற்றிய பையன் இல்லை. அந்த அறிக்கையைத் திருத்த யாரை அணுக வேண்டும்?"

மத்தியானம் மனிதவளத் துறையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "சார், இந்தப் படிவம் உங்கள் துறைத் தலைவருக்கும் போகும். கடைசிப் பெட்டியை மட்டும் காலியாக விட்டுவிடட்டுமா?"

"வேண்டாம்மா, இருக்கட்டும்" என்றேன்.

"அறிக்கையைத் திருத்துவதற்கு எங்களிடம் எந்த வழிமுறையும் இல்லை சார்" என்றாள். "கேட்டுச் சொல்கிறேன்."

இன்றைக்கு வியாழக்கிழமை. இன்னும் சொல்லவில்லை.